பச்சைக் கோடு

“நைனா, எதுனா பேசு. சும்மா பேசு.”

“இன்னா பேசறது? மாப்பிள்ள பாக்கட்டுமா உனக்கு?” என்றார் வரதராஜன்.

மோனிகாவின் லேப்டாப் திரையில் பச்சைக் கோடு எகிறிக் குதித்தது.

“பாத்தியா? அதான் உன் கொரலு. பேச்சுன்னா பச்சை. மிஷின் சத்தம்னா செவப்பு.”

“நான் பேசினா இந்த ஆட்டம் ஆடுதா!” என்று அவர் வாயைப் பிளந்தார்.

பெங்களூரில் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கான புரோகிராம் எழுதுவதுதான் மோனிகாவுக்கு வேலை. பாட்டோடு கலந்த இரைச்சலை வடிகட்டும் புரோகிராம் அது. காதுக்குப் பிடிபடாததைக் கண்ணுக்குக் காட்ட, இந்தக் கோட்டுப் படத்தையும் சேர்க்க வேண்டும் என்று மேனேஜரோடு மல்லுக்கட்டி நின்றவள் அவள்தான். ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அவள் போனில் நாற்பது விநாடி வீடியோ ஒன்று இருந்தது. சொந்த ஊர் நகரியில் விசைத்தறி ஷெட்டுக்குள் அம்மா கமலம்மா நின்று பேசுவதை, புதுப் போன் வாங்கிய ஜோரில் நைனா பிடித்தது. காதைப் பிளக்கும் தறிச் சத்தம்தான் அதில் கேட்கும். அம்மா போய் மூன்று வருஷம். வேறு பதிவே கிடையாது. முகம் போட்டோவில் இருக்கிறது; குரல்தான் நாளுக்கு நாள் நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

படிக்கிற பிள்ளைக்குப் பஞ்சுத் தூசு ஆகாது என்று மோனிகாவை ஷெட்டுப் பக்கமே அண்ட விட்டதில்லை. ஆறாவதிலேயே திருப்பதி ஆஸ்டல். அப்புறம் பெங்களூர்.

வீடியோவை ஓட விட்டாள். சிவப்பு திரையை அடைத்துக்கொண்டு எழும்பியது. அம்மா கையை நீட்டி நீட்டிப் பேசினாள். பச்சைக் கோடு செத்த பாம்பு போலக் கிடந்தது.

சிவப்பைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். கடைசியில் ஒரு சத்தமும் இல்லை. நான்கு தடவை பார்த்தாயிற்று.

“போச்சு நைனா. எம் புரோகிராம்தான் தப்பு. தறிச் சத்தத்தோட அம்மா பேச்சையும் சேத்து முழுங்கிடுச்சி.” கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

வரதராஜன் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“அவ பேசறதுக்கா இம்மா நேரம் ரோதனைப்பட்டுக்கினு கீற? என்னைக் கேட்டா சொல்றேன். ‘யோவ், எம் மூஞ்சிய இன்னாத்துக்குப் புடிக்கிற? உன் பின்னால நூலு அறுந்துக்கினு போவுது பாரு’ன்றா.”

மோனிகா துள்ளி எழுந்தாள். “உனக்குக் கேக்குதா நைனா? எந்த எடத்துல? சொல்லு, அந்த எடத்தப் பெருசாக்கிப் பாக்கறேன்!”

“எனக்கு மட்டும் எங்க கேக்குதும்மா?” என்று அவள் தலையை மெல்லத் தடவினார் வரதராஜன். “நாப்பது தறி ஓடற எடத்துல தொண்ட கிழியக் கத்தினாலும் எவனுக்குக் கேக்கும்? ஷெட்டுக்குள்ள நாங்க எல்லாரும் வெறும் ஒதட்டத்தான் அசைப்போம், பாத்துப் புரிஞ்சிக்குவோம். உங்கம்மா அதுல கொரலே குடுக்கல, கண்ணு.”