கழுநீரில் வளர்ந்த செடி

“உன் கையில ஒரு செடியாவது தங்கியிருக்கோ, விஜி?”

மூன்று வருஷத்துக்கு முன்னால், பால்கனியில் நாலாவது துளசியும் குச்சியாய்க் காய்ந்து நின்றபோது, வந்திருந்த சம்பந்திகளை வைத்துக்கொண்டு அவள் கணவர் பஞ்சு கேட்ட கேள்வி அது. விஜயலட்சுமியின் பதில் செம்பூரில், அவள் ஆபீஸ் மேசை மேல், பீஸ் லில்லியாக வளர்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ரிடயர்மென்ட். அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் மாட்டுங்கா போய் இறங்கி, நேரே பஞ்சுவின் முன்னால் கொண்டுபோய் வைப்பதாக இருந்தாள். இன்று புதன். செடி தலை தொங்கிக் கிடந்தது.

“என்னதான் வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதனிடம் கேட்டாள்.

மூன்று வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. அரிசி களைந்த கழுநீர் ஒரு பாட்டிலில், ஃபில்டரில் மிஞ்சிய காபிச் சக்கை ஒரு பொட்டலத்தில். குர்லாவில் வண்டி மாறும் நெரிசலிலும் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவாள்.

செடியும் நன்றி மறக்கவில்லை. சனிக்கிழமை கொஞ்சம் வாட்டமாகத் தெரிந்தாலும், திங்கட்கிழமை காலையில் குளித்துத் தலைவாரிக்கொண்ட மாதிரி பளபளவென்று நிற்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு செடிக்கும் ஒத்துக்கொள்கிறது என்று அவள் சிரித்துக்கொள்வாள்.

ஒரு மாசமாகத்தான் இந்தச் சனியன் பிடித்தது. ஏ.சி. காற்று படாமல் அட்டை ஒட்டிப் பார்த்தாள். மஞ்சள் இலையை நறுக்கினாள். கழுநீரை இரண்டு வேளையாக்கினாள். சக்கையை இரட்டிப்பாக்கினாள். ஒன்றுக்கும் அசையவில்லை. அடித்தண்டே கொழகொழவென்று ஆகிவிட்டது.

அவளுக்கு எதிர்மேசை ஷ்ரவண் மேல்தான் சந்தேகம்.

“நிஜத்தைச் சொல்லு. நான் லஞ்சுக்குப் போறச்சே இதுல எதையாவது கொட்டினியா?”

“க்யா ஆன்ட்டி! நான் ஏன் கொட்டறேன்? நீங்கதான் டெய்லி கொட்டறேள். பூரா ஃப்ளோரும் புளிச்ச மாவு வாசனை.”

“அது வாசனை இல்லைடா, சத்து.”

“அந்தச் சத்தைக் கொஞ்சம் மூடி வைங்கோ, ப்ளீஸ். டப்பா திறந்து சாப்பிட முடியல.”

அவள் பதிலுக்கு வாய் திறப்பதற்குள், நீல பிளாஸ்டிக் கூடையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். மேசை மேசையாகத் தொட்டிகளை எடுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் பீஸ் லில்லி மேல் கை வைத்தாள்.

“ஏய், அதைத் தொடாதே!”

அந்தப் பெண் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். “தமிழாக்கா நீங்க? தாராவியில இருந்து வாரேன், நூர் நிஷா. இதெல்லாம் எங்க நர்சரி செடி. வாடகைக்கு வச்சிருந்தோம். உங்க புது மேனேஜரு போன மாசத்தோட வேண்டாம்னுட்டாவ. எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லி முதலாளி அனுப்புனாரு.”

விஜயலட்சுமி தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “வாடகைச் செடியா? யாரும் எங்கிட்ட சொல்லலையே! மத்ததை எல்லாம் கொண்டு போ. இது என்னோடது. மூணு வருஷமா நான் வளர்த்தது.”

நூர் நிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஓ... இந்த மேசை நீங்கதானாக்கா?”

“நானேதான். கழுநீர், காபிச் சக்கை, எல்லாம் ஆத்துலேர்ந்து கொண்டு வருவேன்.”

“அந்த வாடை எனக்குத் தெரியும்க்கா.”

எதிர்மேசையில் ஷ்ரவண் களுக்கென்று சிரித்தான். விஜயலட்சுமி அவனை முறைத்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “இதோ பாரும்மா, வெள்ளிக்கிழமை நான் ரிடயர் ஆறேன். ஆத்துக்காரர் முன்னாடி இதைக் கொண்டு வைக்கணும். எம் மானம் இதுலதான் இருக்கு.”

நூர் நிஷா வாடிய செடியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரிக்கா, நீங்களே வச்சுக்கிடுங்க. முதலாளி கேட்டா செத்துப்போச்சுன்னு சொல்லிக்கிடுதேன்.”

“அதெல்லாம் சாகாது! இப்படி அச்சானியமா பேசாதே.” சொல்லும்போதே ஓர் இலை கழன்று கீபோர்டு மேல் விழுந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் கைக்குள் பொத்திக்கொண்டாள். “நீ இங்க வந்து நான் பார்த்ததே இல்லையே. எப்ப வருவே?”

“ஞாயித்துக்கிழமைதான்க்கா. ஆபீஸ் மூடியிருக்கையில வாட்ச்மேன் தொறந்து விடுவாரு.”

விஜயலட்சுமிக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. ஒரு மாசமாகத் தேடிய திருடன் அகப்பட்ட மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்படிச் சொல்லு! ஞாயித்துக்கிழமை வந்து நீ என்னமோ மருந்து போட்டிருக்கே. ஒரு மாசமா அது இல்லாமத்தான் இது துவண்டு கிடக்கு. என்ன மருந்து, சொல்லு. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு.”

“மருந்தெல்லாம் இல்லக்கா...”

“பரவாயில்லை, சும்மா சொல்லும்மா.”

நூர் நிஷா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“மத்த மேசைக்கெல்லாம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வேற செடி மாத்தி வைப்பேன்க்கா. உங்க மேசைக்கு மட்டும் வாராவாரம்.”

விஜயலட்சுமி கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.