கத்தரிக்கோலுக்குத் தீனி

"நீங்க மனுஷன்தானா?"

பர்பேங்க் ஸ்டுடியோ கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

நோரீன் கேட்டது ஓட்டிஸை. சேனலின் தணிக்கை அதிகாரி. எழுத்தாளர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். அவர் மேஜையில் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

ஓட்டிஸ் தக்காளி சூப்பைத் தள்ளி வைத்தார். "உட்காருங்க நோரீன்."

"உட்காரவா வந்தேன்? நேத்து எங்க எபிசோடு டி.வி.யில வந்துச்சே, கடைசிக் காட்சி எங்கே?"



அந்தக் காட்சியை எழுதியவள் நோரீன். இன்னும் முந்நூறு வருஷம் கழித்து, ஒரு விண்கப்பல். ஒருவன் சாகக் கிடக்கிறான். இன்னொருவன் ஓடி வருகிறான். "நீங்க இவருக்கு யாரு?" என்று டாக்டர் மறிக்கிறாள். "நான் இவர் புருஷன்" என்கிறான். டாக்டர் வழி விடுகிறாள். அவ்வளவுதான். முத்தம்கூடக் கிடையாது.

"என் தம்பி டெரில் எய்ட்ஸ் வார்டுல கிடந்தான், தெரியுமா? இத்தனை வருஷம் அவனோட குடித்தனம் பண்ணினவன் ரஸ். அவனை உள்ளேயே விடலை. 'நீ யாரு, சொந்தமா பந்தமா?'ன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. டெரிலுக்கு இந்தக் காட்சியைப் படிச்சுக் காட்டினேன். 'முந்நூறு வருஷம் கழிச்சாவது உள்ளே விடறாங்களே அக்கா'ன்னு சிரிச்சான்."

நோரீன் மேஜையில் கையை ஊன்றிக் குனிந்தாள். 

"அவனுக்குக் கண்ணும் போயிடுச்சு. டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்லிட்டு, 'புருஷன்'ங்கற அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருந்தான். என்ன கேட்டுச்சு தெரியுமா? பச்சைத் தோல் வேத்துக்கிரகப் பொண்ணுங்க அரைகுறையா ஆடற டான்ஸ் பாட்டு! 'அவ்வளவுதானா அக்கா?'ன்னான். அப்புறம் பேசவே இல்லை. விடிகாலையில போயிட்டான்."

ஓட்டிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"விடாதே நோரீன்! நல்லா கேளு!" தூரத்து மேஜையிலிருந்து குரல் வந்தது. தயாரிப்பாளர் வாரன். துணிச்சல்காரர் என்று பத்திரிகைகள் கொண்டாடுகிற ஆள். அன்று காலையில் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவரும் அவர்தான். "தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன், அந்தக் கத்தரிக்கோல் காதுலயே போட்டுக்கலை" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காட்சியைக் காப்பாற்ற அவர் வழியும் செய்து வைத்திருந்தார். எழுத்தாளர்கள் அறையில் அதற்குத் தீனி என்று பெயர். கண்ணை உறுத்துகிற மாதிரி ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே நடுவில் செருகுவார்கள். கத்தரிக்கோல் அதை வெட்டிவிட்டுத் திருப்தியாகப் போய்விடும், முக்கியமானது தப்பித்துக்கொள்ளும். 'டான்ஸ்தான் தீனி. உன் காட்சி பத்திரம்' என்று வாரன் அவளுக்குச் சத்தியம் செய்திருந்தார்.

"வெட்டறதுக்குத்தான் அந்தக் கண்றாவி டான்ஸை வெச்சிருந்தோமே! அதை விட்டுட்டு என் காட்சியில ஏன் கை வெச்சீங்க?"

"நீங்க தீனி வைக்கறது எனக்குத் தெரியும்மா" என்றார் ஓட்டிஸ் மெதுவாக. "வருஷக்கணக்கா தெரிஞ்சேதான் தின்னுக்கிட்டிருக்கேன்."

நோரீன் அவரையே பார்த்தாள்.

"ஏதாவது ஒண்ணை வெட்டினாத்தான் மேலிடம் என்னை நம்பும். மத்ததைக் கண்டுக்காம விட்டுடலாம். உங்க காட்சியை என் வீட்டுக்காரிக்கும் போட்டுக் காட்டினேன். 'இதை மட்டும் வெட்டிடாதீங்க'ன்னா. மறுநாளே டான்ஸை வெட்டிட்டேன்."

"பொய்! டான்ஸ் முழுசா வந்துச்சே!"

"வந்துச்சு. ரெண்டுல ஒண்ணு போயாகணும்ங்கறதுதான் என் கணக்கு. ஆனா எது போகணும்னு கடைசியா சொல்ற உரிமை தயாரிப்பாளருக்குத்தான். டான்ஸை வெட்டினது தெரிஞ்சதும் அவர் அடிச்சுப் புடிச்சு என் ரூமுக்கு ஓடி வந்தார்."

நோரீன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் பின்னால் வாரன் இன்னும், "விடாதே, விடாதே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஓட்டிஸ் குரலைத் தாழ்த்தினார்.

"'தப்பா வெட்டிட்டீங்க சார். ஜனங்க பார்க்கறதே டான்ஸுக்காகத்தான். நோரீனோட காட்சிதான் உங்களுக்கு வெச்ச தீனி'ன்னார்."