ஆடிப்போன படம்

“படம் துளிகூட ஆடக் கூடாது. பிளாஷும் வேண்டாம், குழந்தைக்குக் கண் கூசும்.”

டோக்கியோ கேமரா கடையில் ஷுன்பெய் ஒரு மணி நேரமாக லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிரசவம் எப்போ சார்?” விற்பனைப் பெண் முராய் கேட்டாள்.

“காலையிலேயே ஆயிடுச்சு. மனைவி அகிதாவுல, தாய்வீட்டுக்குப் போயிருக்கா. கேமராவோடதான் ரயில் ஏறணும். மாமனார் அவ போன்ல எடுத்து அனுப்பின லட்சணத்தைப் பாருங்க.”

செல்போனை நீட்டினான். மங்கலாக ஒரு பிஞ்சு முகம்.

முராய் உற்றுப் பார்த்தாள். “இது படுத்துக்கிட்டே எடுத்தது சார். குழந்தை எடுத்தவங்க நெஞ்சுமேலயே கிடக்கு. உங்க மனைவிதான் எடுத்திருக்காங்க. எனக்கும் பிரசவத்தன்னிக்குக் கை இப்படித்தான் நடுங்குச்சு. என்ன பதில் போட்டீங்க?”

ஷுன்பெய் செல்போனைத் தன் பக்கம் திருப்பினான். மனைவிக்கு அவன் அனுப்பிய பதில் படத்துக்குக் கீழேயே கிடந்தது.

‘இதை எடுத்தவங்க கையில இனிமே போனையே குடுக்காதே.’