மூன்று எண்ணும்வரை

“இது பத்தாதுங்க. என் ஹால் இன்னும் பெரிசு,” என்றார் கிட்டார்க்காரர்.

கடைக்காரர் மூன்றாவது பெடலையும் கழற்றிவிட்டு நான்காவதைச் செருகினார். கம்பியை மீட்டிக் கையை எடுத்த பிறகும் சத்தத்தைக் காற்றில் நிறுத்திவைக்கும் சின்னப் பெட்டி அது. காலால் மிதித்தால் வேலை செய்யும். ரிவெர்ப் பெடல் வாங்க வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவரோ ஒரு மணி நேரமாகக் கண்ணை மூடி, ஒரே சுரத்தை மீட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

முதல் பெடல் சுரங்கப்பாதைக்குள் வாசிப்பதுபோல் இழுத்தது. இரண்டாவதில் ஸ்பிரிங் அதிர்வது தனியாகக் கேட்டது. மூன்றாவது குளியலறையேதான், சந்தேகமில்லை. கடைக்காரர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, அப்படி என்ன பெரிய ஹால் என்று விசாரித்தார்.

நூற்றிருபது பேர் உட்காரலாம் என்றார் இவர். ஹோட்டல் ஹால். தரை முழுக்கப் பளிங்கு, முன்பக்கம் கண்ணாடி, பின்னால் மாடிக்குப் போகும் படிக்கட்டு. ஒரு சுரத்தை மீட்டிவிட்டால் மூன்று எண்ணும்வரை நிற்கும். படிக்கட்டுக்குப் பக்கத்து மேஜையில் போய்த்தான் அடங்கும்.

“அவ்வளவு நல்ல ஹால் இருக்கறப்ப பெடல் எதுக்கு சார்?”

நியாயமான கேள்விதான். கிட்டார்க்காரர் காதில் விழாததுபோல் நான்காவதும் வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஹால் இருந்தது, அவர்தான் அங்கே இல்லை. பதினோரு வருடம் மாலையில் வாசித்த இடம். புதிதாக வந்த மேனேஜர், சாப்பிட வருகிறவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொள்ளட்டும், இனி வாத்தியம் வேண்டாம் என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார். அன்றைக்கு மனைவிக்கு இருதய ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். அதிர்ச்சி தருகிற எதையும் அவள் காதில் போட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

தினமும் வேலைக்குப் போவதுபோலவே கிட்டாரோடு கிளம்புவார். போவது நண்பரின் மரக்கடைக்குப் பின்னால் பலகைகள் அடுக்கிய அறைக்கு. ஏழு மணிக்கு மனைவியின் செல்போனுக்கு அழைத்து, தன் போனைக் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் வைத்து, அவளுக்காக ஒரு பாட்டு வாசிப்பார். ஆஸ்பத்திரியில் அவள் கண்விழித்த நாளில் தொடங்கிய பழக்கம்.

போன வாரம் அவள் கேட்டாள்: “என்னங்க, கொஞ்ச நாளா பெட்டிக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரியே இருக்கே?”

எத்தனையோ மாலைகள் அந்தப் படிக்கட்டு மேஜையில் உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை காத்திருந்து கூட்டிப்போனவள். அந்த ஹால் விஷயத்தில் அவள் காதில் பூச்சுற்ற முடியாது. உண்மை தெரிந்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்தே அவருடைய நெஞ்சு பாதி தேய்ந்திருந்தது.

ஐந்தாவது பெடலில் குமிழைப் பாதிக்குச் சற்று மேலே திருகினார். மீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. சுரம் சரியாகப் படிக்கட்டுவரை போய் அடங்கியது.

“இதுதாங்க,” என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

சரியாக ஏழு மணிக்குப் பலகைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மனைவியை அழைத்தார். அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பேச்சில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. இப்போதெல்லாம் வாசல்வரை நடக்கிறாள், நடந்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, மாத்திரை போட்டாயா என்று கேட்டார். போட்டாச்சு என்றாள்.

அவள் குரலே இன்றைக்கு ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் லேசாக நின்று அடங்குவதுபோல் இருந்தது. அவர் பெடலை அணைத்துப் பார்த்தார்; அப்போதும் அப்படியேதான். கிட்டாருக்கு வாங்கிய பெடல் போன் குரலில் எப்படி வேலை செய்யும், அவ்வளவு நேரம் கடையில் கேட்டதில் காதே கெட்டுப்போய்விட்டது என்று தன்னையே கேலி செய்துகொண்டு மறுபடி மிதித்தார்.

அவளுக்குப் பிடித்த பாட்டை முழுதாக வாசித்தார். பாதியில் கூடவே முணுமுணுக்கிறவள், இன்றைக்கு முணுமுணுக்கவில்லை.

“எப்படி இருக்கு?”

“அப்படியே நம்ம ஹோட்டல் ஹால்ல கேக்குற மாதிரி இருக்குங்க.”

இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவள் கேட்காததையும் அள்ளிவிட ஆரம்பித்தார். இன்றைக்கு நல்ல கூட்டம் என்றார். முன்வரிசை மேஜையில் ஒரு குழந்தை எழுந்து ஆடியது என்றார்.

“படிக்கட்டு மேஜையில யாரு?” என்று அவள் மெல்லக் கேட்டாள்.

“யாரோ ஒரு அம்மா. தனியா வந்திருக்காங்க. கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அந்த மேஜையில நான்தாங்க உக்காந்திருக்கேன்.”