அக்கா வார்த்த கண்ணாடி

"இந்தத் தடவையும் குழி ஆழமா விழுந்தா சூளையை மூடிடுவேன்டி" என்றாள் அக்கா.

அவள் வார்த்த கண்ணாடியைக் கடினம் பார்க்கும் கருவியில் வைத்தேன். வைர முனை இறங்கி, அழுத்தி, எழுந்தது. முனை பதித்த குழியை நுண்ணோக்கியில் தேடினேன். குழியே இல்லை.

"மிஷின் தூங்குதோ?" என்றாள் அக்கா.

போன முறை தோற்ற துண்டை வைத்தேன். பளிச்சென்று சதுரக் குழி.

"அப்ப ஜெயிச்சுட்டேனா?"

"ஜெயிச்சுட்டக்கா!"

சான்றிதழுக்காக அவள் கண்ணாடியை மறுபடி வைத்தேன். முனை பாதி வழியில் நின்றுவிட்டது. கண்ணாடியைத் தொடவே இல்லை. திரையில் மட்டும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.

"யாருக்கா அழுத்தறது?"

"இத்தனை நாள் வைரம் அழுத்துச்சு. இப்ப என் கண்ணாடியோட முறை" என்று சிரித்தாள் அக்கா.

மின்சாரத்தை நிறுத்தினேன். அப்போதும் வைர முனை மெல்ல மெல்லப் பின்வாங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது.