காலிப் பணியிடம்

அவள் படத்தை நிறுத்தினாள்.

சுவரில் வெள்ளைக்காரப் பேராசிரியர் வாயைத் திறந்தபடி நின்றார். கையில் சாக்பீஸ்.

எந்த நாட்டுப் பல்கலைக்கழகமோ, மேல்நிலைப் பிள்ளைகளுக்கென்று கணக்கையும் அறிவியலையும் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. புண்ணியவான்கள், நன்றாக இருக்கட்டும்.

அவர் இங்கிலீஷில் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். வளைகோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பு. அதை மெல்லிய பட்டைகளாக வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

அவள் தாவரவியல் டீச்சர். தண்டை மெல்லிய சீவலாக வெட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள். வளைகோட்டை வெட்டுவதை இந்த வருஷம்தான் கற்றுக்கொண்டாள், பஸ்ஸில் வரும்போது, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஒரே பாடத்தை நாலு தடவை கேட்டு.

பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருஷம் ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது. அவள் தலைதான் வாகாகக் கிடைத்தது.

கடைசி பெஞ்சில் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர், பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி வெளியிலுமாக.

காலையிலேயே தலைமையாசிரியர் படித்துப் படித்துச் சொன்னார். இன்றைக்குப் படம் வேண்டாம். பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கட்டும். அப்போதுதான் ஆள் போடுவார்கள்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த பிள்ளையைத் தெரியாத மாதிரி நில் என்று சொல்ல எந்த டீச்சருக்கு வாய் வரும்? படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தால் மனுஷர் இரங்குவார் என்று நம்பினாள்.

"யாராச்சும் ஒரு கணக்குப் போடுங்க பாக்கலாம்" என்றார் அதிகாரி.

முனீஸ்வரி எழுந்து வந்தாள்.

கரும்பலகையில் ஆறு வரி. எங்கும் நிற்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. கடைசி வரியில் இருபத்தேழின் கீழ் மூன்று. விடை ஒன்பது.

அதிகாரி கை தட்டினார். வகுப்பும் தட்டியது.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் தின்ற தூசியெல்லாம் அந்த நிமிஷம் பெரிதாகத் தெரியவில்லை.

"கணக்கு போஸ்ட் எத்தன நாளாக் காலி?"

தலைமையாசிரியர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ரெண்டு வருஷம் சார்."

அதிகாரி குறித்துக்கொண்டார். குறித்தபடியே சொன்னார்.

"ஆள் இல்லாமலே இவ்வளவு நல்லாப் போகுதே. இந்த போஸ்ட்ட வேற ஸ்கூலுக்கு மாத்திடலாம்."

அவள் கடைசி பெஞ்சு வரை போய் நின்றாள்.

பிறகு சொல்லிப் பார்த்தாள். வகுப்பில் இருபத்தோரு பேர். படம் புரிவது இந்த ஒருத்திக்குத்தான், அதுவும் டீச்சருடைய போனை வாங்கி மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பதால். காலாண்டுத் தேர்வில் பதினான்கு பேர் தேறவில்லை. சந்தேகம் என்று கை தூக்கினால் சுவரில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அரசுத் தேர்வுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது.

அவர் பொறுமையாகக் கேட்டார். சிரித்தார்.

"அதான் நீங்க இருக்கீங்களே."

தலைமையாசிரியர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். வைத்துக்கொண்டாள்.

அதிகாரி போனை எடுத்தார். அறிக்கையில் சேர்க்க ஒரு படம் வேண்டுமாம். கரும்பலகையை அதற்குள் யாரோ அழித்திருந்தார்கள். அதே கணக்கை மறுபடி எழுதச் சொன்னார்.

முனீஸ்வரி எழுதினாள். இந்தத் தடவை மெதுவாக, கொட்டை எழுத்தில்.

அதே ஆறு வரி.

இருபத்தேழின் கீழ் மூன்று.

விடை எட்டு.

டீச்சர் அதைப் பார்த்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். திருத்தச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

டீச்சரை முனீஸ்வரி பார்க்கவில்லை. அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அந்த எட்டின் மேல் இருந்தது.

டீச்சர் வாயை மூடிக்கொண்டாள்.

பாருங்கள் ஐயா. தயவுசெய்து ஒரு தடவை பாருங்கள்.

"கொஞ்சம் சிரிம்மா" என்றார் அவர்.

எடுத்தார். நின்ற இடத்திலேயே அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. மேலதிகாரி ஒருவர் பூங்கொத்து அனுப்பினார்.

அதிகாரி போனைத் தலைமையாசிரியரிடம் நீட்டினார். அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். எட்டில் வந்து விரல் நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு முனீஸ்வரியை.

"ரொம்பத் தெளிவா வந்திருக்கு சார்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இருவரும் வெளியே போனார்கள். ஜீப் கிளம்பியது.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்பெஞ்சுப் பிள்ளைகள் தலையைக் குனிந்து, பலகையில் இருப்பதை வரி தப்பாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முனீஸ்வரி எட்டை உள்ளங்கையால் அழித்தாள்.

"யாரும் அத எழுதிக்காதீக. அது அவருக்குப் போட்டது."