அவர் போட்ட டீ

மார்ச் பதினெட்டு, காலை ஒன்பதரை மணி, கல்லூரி வேதியியல் ஆய்வகம். விலையுயர்ந்த கருவிக்குப் பதில் வெறும் பென்சில் முனையைத் தேநீரில் நட்டு, ஆராய்ச்சிக்காரி மின்சாரம் பாய்ச்சினாள். தேநீரின் சத்தான ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தால் திரையில் கோடு மேடாக எழும்.

பேறுகால விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பிய உதவியாளப் பெண் மேசையிலிருந்த டீ பிளாஸ்கைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமா இன்னும் டீ போட்டுக் குடுத்து அனுப்புறாரா? குடுத்து வெச்சவங்கக்கா நீங்க."

"அவர் போட்டதுதான்."

கோடு எழவில்லை.

"சத்தே இல்லையேக்கா. மாமாகிட்ட தூளை மாத்தச் சொல்லுங்க."

"நேத்துகூட துளி மேடு இருந்தது. அது இருக்கிற வரைக்கும் கொட்ட வேணாம்னு ஃப்ரிட்ஜ்லயே வெச்சிருந்தேன்."

"எப்பப் போட்டது?"

"போன மாசம் ரெண்டாந்தேதி. எனக்கு ஊத்தி மூடி வெச்சுட்டு நாற்காலியில உக்காந்தார். அப்புறம் எழுந்திருக்கல."

ஆராய்ச்சிக்காரி மிச்சத் தேநீரைத் தொட்டியில் ஊற்றினாள். பிளாஸ்கை இரண்டு முறை கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.